ஏழில் ஐந்து போதுமாம்

1

நான் பிரான்சுக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்காக இல்லை. அந்தப் பன்னிரண்டு எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு பழையதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடுகிறதாம், அதற்குத்தான் கேக். சுவரில் பெரிய திரை வைத்து, நொடிக்கு எத்தனை பதிவுகள் என்று ஒரு எண்ணைப் போட்டிருந்தார்கள். பெரிய எண்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கேக்கை வாயில் வைக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. அஞ்சலை அண்ணி குரல் செய்தி அனுப்பியிருந்தார். என் அண்ணன் மனைவி. புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சோரியாங்குப்பம் எங்கள் ஊர். அங்கே பெண்கள் குழுவுக்கு அவர்தான் செயலாளர். மாடிப்படிப் பக்கம் போய் நின்று கேட்டேன்.

"ஜெசி, இன்னா இது அக்கிரமமா இருக்குது? எங்க பொட்டி கெட்டுப்பூடுச்சுன்னு சிவப்புல போட்டுக்கினு இருக்காங்க. பொட்டி என் கண்ணு எதிர்லதான் ஓடிக்கினு இருக்குது. பச்ச வெளக்கு மினுக்கு மினுக்குங்குது. மூட்டய ஏத்தமாட்டேன்னு லாரிக்காரன் திரும்பிப் பூட்டான். வானம் வேற கருக்கிக்கினு வருது. நீதான அந்தக் கம்பெனில இருக்க? நீயே சொல்லு, இன்னா கெட்டுப்போச்சு?"

கையில் பாதிக் கேக் இருந்தது. அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு என் மேசைக்குப் போனேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. 'கம்ப்யூட்டர் வேலை' என்றால் மேலே கேட்க மாட்டார்கள். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

ஒரே பதிவேட்டை ஏழு இடங்களில் ஏழு கணினிகள் வைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. புதிதாக ஒரு வரி எழுத வேண்டுமானால் அவை தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டு எழுதியதைப் பிறகு யாராலும் அழிக்க முடியாது. பிளாக்செயின் என்று பத்திரிகையில் வருவது இதுதான். ஏழில் ஒன்று கெட்டுப்போகலாம். ஒன்று வேண்டுமென்றே பொய்யும் சொல்லலாம். அப்போதும் மற்றவை குழம்பாமல் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதற்கான விதிமுறைகளை எழுதுவதும் சோதிப்பதும் என் பிழைப்பு. ஏழு இருந்தால் இரண்டு வரை மோசம் போனாலும் தாங்கிக்கொள்ளலாம் என்பது கணிதம். ஐந்து ஒத்துக்கொண்டால் போதும். இதன் நிரூபணத்தை மாணவியாக முதன்முதலில் படித்த அன்று அதன் அழகில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கணிதத்தில் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரில் இருபது பெண்கள் சேர்ந்து குத்தகை நிலத்தில் பூங்கார் என்ற பாரம்பரிய நெல் போடுகிறார்கள். எல்லாரும் கூலிக்கு நடவு நட்ட குடும்பத்துப் பெண்கள். இங்கே பிரான்சில் ஒரு வியாபாரி அந்த நெல்லை வாங்க முன்வந்தார். எந்த வயலில் விளைந்தது, மூட்டை கட்டும்போது ஈரப்பதம் எவ்வளவு என்பதெல்லாம் யாரும் மாற்றி எழுத முடியாத பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றார். நான்தான் என் நிறுவனத்தையும் எங்கள் ஊர்ப் பெண்களையும் சேர்த்துவைத்தேன். நினைத்துப் பார்த்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. நான்தான்.

ஏழு கணினிகள். வாங்குபவர், கப்பலில் அனுப்புபவர், சோதனைக்கூடம், கிடங்கு, எங்கள் நிறுவனம் என்று ஐந்து ஐரோப்பாவில். ஆறாவது சோரியாங்குப்பத்தில் குழுவின் அறையில். ஏழாவது பண்டசோழநல்லூரில் இன்னொரு பெண்கள் குழுவிடம். அந்தக் கணினிப் பெட்டியை வைத்த அன்று அண்ணி கேட்டார்:

"அப்போ எங்க பேர்லயும் ஒரு ஓட்டு இருக்குதா?"

"இருக்கு அண்ணி. அவங்களுக்கு எவ்ளோவோ உங்களுக்கும் அவ்ளோதான்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

எங்கள் அம்மா அறுத்த நெல்லை மரக்காலில் அளந்தவர் வேறு ஆள். அவர் சொன்னதுதான் அளவு. எதிரில் நின்றவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'மெய்யாலும்' என்று நான் சொன்னது அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு. அதை லேசாகச் சொன்ன வார்த்தை என்று நினைக்காதீர்கள்.

3

மேசையில் உட்கார்ந்து பதிவுகளைப் புரட்டினேன். அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது.

சோரியாங்குப்பம் பெட்டி ஒரு நிமிடம்கூட நின்றிருக்கவில்லை. மின்சாரம் போன நேரங்களை அண்ணி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார். அதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மின்சாரம் போன ஒவ்வொரு தடவையும் இன்வெர்ட்டர் தாங்கியிருக்கிறது. பெட்டி அனுப்ப வேண்டியதையெல்லாம் அனுப்பியிருக்கிறது. தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தாமதம்? நீங்கள் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும் நேரம்.

பழைய பதிப்பு அந்த நேரத்துக்குப் பொறுத்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு கணினிகளும் தங்கள் தங்கள் பதிவுகளைக் கட்டாகக் கட்டி அனுப்பும். எந்த ஐந்து கட்டுகள் முதலில் வருகின்றனவோ அவற்றை வைத்து அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆனால் பின்னால் வரும் கட்டுகளையும் கொஞ்ச நேரம் வைத்திருந்து சேர்த்துக்கொள்வோம். புதிய பதிப்பில் அந்தக் கொஞ்ச நேரத்தை வெட்டிவிட்டார்கள். காத்திருக்காவிட்டால் திரையில் எண் ஏறும், இல்லையா? ஐரோப்பாவின் ஐந்தும் பக்கத்துப் பக்கத்தில், நல்ல கேபிளில் இருக்கின்றன. ஐந்தும் எப்போதும் முந்திக்கொள்ளும். சோரியாங்குப்பத்தின் கட்டு வரும்போது மற்றவர்கள் பல சுற்று தாண்டிப் போயிருப்பார்கள். வந்த கட்டு குப்பைக்குப் போகும். மறுபடி அனுப்பும், மறுபடி குப்பை. இப்படி வரிசையாக இத்தனை தடவை தவறினால் திரையில் அந்தப் பெயர் சிவப்பாகி, பக்கத்தில் 'பழுது' என்று வரும். பண்டசோழநல்லூரும் சிவப்புதான்.

கணிதம் சொல்வது, ஏதாவது இரண்டு கெட்டால் தாங்கும் என்று. நாங்கள் செய்தது, எப்போதும் அதே இரண்டைக் கெட்டதாக வைத்துக்கொண்டு வேகமாக ஓடியது. தாங்குவதற்காக வைத்த இடத்தைத் தள்ளிவிடுவதற்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

இன்னும் கீழே போனேன். காத்திருக்கும் நேரத்தை வெட்டிய அந்த மாற்றத்தைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டவர் யார் என்று நிரலில் பெயர் இருக்கும். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. சோதனையில் எல்லாக் கணினிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. எல்லாம் பச்சை. படித்தேன், கையெழுத்துப் போட்டேன், மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

4

தாமதத்துக்கும் பழுதுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த நாடு எனக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்தது.

புதுச்சேரி என்றால் இங்கே எல்லாரும் முகம் மலர்ந்து, "ஆ, போந்திஷெரி! அப்படியானால் உங்களுக்கு பிரெஞ்சு வருமே" என்பார்கள். எங்கள் வீட்டுக்கும் பிரெஞ்சுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஊர்ப் பஞ்சாயத்தைக் குறிக்கும் கொம்யூன் என்கிற வார்த்தை. அதையும் நாங்கள் தமிழ் என்றுதான் நினைத்திருந்தோம். இருபத்தாறு வயதில் இங்கே வந்துதான் பிரெஞ்சை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய அறிவிப்பே தவறான முகவரிக்குப் போய், கெடு முடிந்தபின் என் கைக்கு வந்தது. ஓடினேன். குளிரில் வெளியே வரிசை. என் முறை வந்ததும், நான் தாமதமாக வந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு 'ஆன் ரெத்தார்' என்று சொல்ல வேண்டும். நான் 'ரெத்தார்தே' என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் மூளை வளர்ச்சி குன்றியவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்தாள். பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தாள். பிறகு, கெடு முடிந்ததால் என் விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டதாகவும், முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

"அறிவிப்பு எனக்குத் தாமதமாகத்தானே வந்தது?"

"எங்கள் பக்கத்தில் சரியான நாளில் அனுப்பியிருக்கிறோம், மதாம்."

ஐந்து மாதம் அட்டை இல்லாமல் இருந்தேன். அப்பா இறந்தார். போனால் திரும்பி வர முடியாது என்பதால் போகவில்லை. இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

5

எத்தியென் என் மேலாளர். கெட்டவர் இல்லை. என் பெயரைச் சரியாக உச்சரிப்பார், பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பார். அவர் அறைக்குப் போய்ப் படங்களையும் பதிவுகளையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"விதிமுறை சரியாகத்தானே வேலை செய்திருக்கிறது? யாரும் பொய்யான முடிவுக்கு வரவில்லை. பதிவேடு எங்கும் முரண்படவில்லை. ஐந்து பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்."

"மற்ற இருவர் பேசியதை யாரும் கேட்கவில்லை."

"கேட்கும் தூரத்தில் அவர்கள் இல்லை. அது இணையத்தின் பிரச்சினை."

"அப்படியானால் 'தூரம்' என்று எழுதுங்கள். ஏன் 'பழுது' என்று எழுதினோம்?"

"அது ஒரு கலைச்சொல், ஜெசிந்தா. யாரையும் திட்டுவதில்லை."

"அந்தக் கலைச்சொல்லைப் பார்த்துத்தான் லாரி திரும்பிப் போயிருக்கிறது."

அவர் சற்று யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். அந்த இரண்டு பெட்டிகளையும் அங்கிருந்து எடுத்துவிட்டு, இங்கே எங்கள் நிறுவனத்திலேயே அவர்கள் பெயரில் இரண்டு கணினிகளை ஓட்டலாம். வேகமும் குறையாது, சிவப்பும் வராது. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. இருந்தாலும் முடிவு என்னுடையது இல்லையே என்று அண்ணியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அப்போ எங்க பேர்ல கையெழுத்துப் போடற ரகசிய எண்ணு, சாவின்னு சொன்னியே, அது யாராண்ட இருக்கும்?"

"இங்க இருக்கும் அண்ணி."

"அவங்க கையெழுத்த அவங்க போடுவாங்க, எங்க கையெழுத்தயும் அவங்களே போட்டுக்குவாங்க. நல்லாத்தான் இருக்குது. அதுக்கு நாங்க எதுக்கு ஜெசி?"

"வேகமா நடக்கும்னு சொல்றாங்க."

"எங்கள இன்னா கூமுட்டைங்கன்னு நெனச்சிக்கினாங்களா? நாங்க பேசறதுக்குள்ள எழுந்திரிச்சுப் போறவங்களுக்கு நாங்க எதுக்கு வூட்டுச் சாவியக் குடுக்கணும்?"

மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன என்றார். ஓரத்தில் இருக்கும் மூட்டைகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

6

என் மகள் அனீத்தாவுக்குப் பதின்மூன்று வயது, கைக்குழந்தையாக இங்கே வந்தவள். தமிழ் புரியும், பேச மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் இருந்தபோது அண்ணி வீடியோவில் அழைத்தார். அனீத்தா எடுத்தாள். "இன்னாடி கண்ணு, சாப்ட்டியா?" என்று அண்ணி கேட்பது எனக்குக் கேட்டது. படம் உறைந்தது. அனீத்தா ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியிருப்பாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"ஏன் வைத்தாய்?"

"அத்தை போய்விட்டார்கள், அம்மா," என்றாள் பிரெஞ்சில்.

"எங்கே போனார்கள்? அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்! பேசிக்கொண்டிருக்கிறார்கள்! படம் நின்றால் ஆள் போய்விட்டார்கள் என்று அர்த்தமா?"

நான் கத்திய கத்தலில் அவள் முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டு வருடம், ஒரு மூடிய கோப்பு, போக முடியாத சாவு, ஒரு சிவப்பு எழுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குழந்தையின் தலையில் கொட்டியிருக்கிறேன் என்று அப்போதே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பேசியோடு வெளியே வந்தாள். அவளே அத்தையை அழைத்திருந்தாள். மறுபடி படம் உறைந்தது. இந்தத் தடவை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு தட்டுத்தடுமாறி, "நான்... இருக்கேன் அத்தை" என்றாள். அவளுடைய தமிழுக்கும் அந்த இணைப்புக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.

7

திங்கட்கிழமை வாரக் கூட்டம். புதிய வாடிக்கையாளர் இருவர் வந்திருந்தார்கள். சோதனைத் தளத்தில் புதிய பதிப்பை ஓட்டிக் காட்டும் வேலை என்னுடையது. ஏழு பெயர்களும் பச்சையில் இருந்தன. பேசிக்கொண்டே எங்கள் நிறுவனத்தின் கணினிக்கு மட்டும் ஒரு தாமதம் வைத்தேன். சோரியாங்குப்பம் பதிவில் இருந்த அதே அளவு, ஒரு துளி கூட்டவில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் பெயர் சிவப்பாகி, பக்கத்தில் 'பழுது' என்று வந்தது.

"யார் நம் கணினியை நிறுத்தியது?" என்றார் எத்தியென்.

"யாரும் நிறுத்தவில்லை. நன்றாக ஓடுகிறது. சோரியாங்குப்பத்தில் இருந்து பேசுகிறது, அவ்வளவுதான்."

வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. தங்கள் கிளைகளில் மூன்று ஆப்பிரிக்காவில் இருக்கின்றன என்றும், அவையும் இப்படித்தான் காட்டப்படுமா என்றும் கேட்டார். நான் ஒரு வாரமாகக் கேட்ட அதே கேள்விதான். அவர் கேட்டதும் அறையில் எல்லாரும் குறிப்பெடுத்தார்கள்.

பின்தங்கி வரும் கட்டுகளைத் தூக்கி எறியாமல் அடுத்தடுத்த சுற்றுகளில் சேர்த்துக்கொள்ளும் மாற்றத்தை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். புதிய யோசனை ஒன்றுமில்லை, துறையில் எல்லாரும் அறிந்த வழிதான். இரண்டு வாரத்தில் அது அமலுக்கு வந்தது. திரையில் எண் கொஞ்சம் இறங்கியது. ஆகாயம் இடிந்து விழவில்லை. இரண்டு ஊர்களும் பச்சையாயின.

ஆனால் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. அந்த வாரங்களில் இரண்டு பெட்டிகளும் பழுது என்பதும் பதிவேட்டில் ஏறிவிட்டது. அழிக்க முடியாத பதிவேடு, பெருமையாக விற்கிறோமே, அது. வியாபாரி அதைக் காட்டி, அந்த வாரங்களில் கட்டிய மூட்டைகளை எடுக்க முடியாது என்றார்.

"அழிக்க முடியாதுன்னா உடு," என்றார் அண்ணி. "பழுது இல்லன்னு உங்க கம்பெனிய ஒரு காயிதம் எழுதிக் குடுக்கச் சொல்லு. கையெழுத்தோட. அதக்கூடவா முடியாது?"

அதைக்கூட முடியாதாம். சட்டப் பிரிவிலிருந்து இரண்டு வரி பதில் வந்தது. அப்படி எழுதினால் பொறுப்பேற்றதாக ஆகிவிடுமாம். இருபது பெண்களின் ஒரு போக உழைப்பு மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பொறுப்பு ஆகிவிடுமோ என்று இவர்களுக்குக் கவலை.

நானே எழுதினேன். தமிழில், கையால், ஒரு பக்கம். என் பெயர், நான் செய்யும் வேலை, கையெழுத்து. படமெடுத்து அண்ணிக்கு அனுப்பிவிட்டுத் தாளைப் பதிவுத் தபாலில் போட்டேன்.

படம் போனதுமே அண்ணியும் இன்னும் நான்கு பெண்களும் வியாபாரியின் உள்ளூர் முகவர் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். முகவர் கடிதத்தைப் படித்து, ஈரமானியை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்தார். நடுவில் இருந்தவை நன்றாக இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவை முளை விட்டிருந்தன. அவை போனது போனதுதான். அதற்கு யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

8

அந்தக் கடிதம் பற்றி வியாபாரி எங்கள் நிறுவனத்தைக் கேட்டார். போன வாரம் என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். எத்தியென், மனிதவளப் பிரிவுப் பெண் ஒருவர், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். மேசைமேல் என் கடிதத்தின் நகல்.

"நிறுவனத்தின் பெயரில் எழுதினீர்களா?"

"என் பெயரில் எழுதினேன்."

"இதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மொழிபெயர்த்துப் படிக்க முடியுமா?"

படித்தேன். ஒவ்வொரு வரியையும் முதலில் தமிழில் படித்தேன், பிறகு பிரெஞ்சில் சொன்னேன். அவர்கள் அவசரப்பட்டார்கள். நான் அவசரப்படவில்லை.

"சோரியாங்குப்பம், பண்டசோழநல்லூர் பெண்கள் குழுக்களின் பெட்டிகள் ஒரு நாளும் பழுதாகவில்லை. அவர்கள் அனுப்பியதெல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் காத்திருந்து வாங்கிக்கொள்ளவில்லை. காத்திருக்க வேண்டாம் என்ற முடிவில் நானும் கையெழுத்திட்டேன். தவறு எங்களுடையது."

சட்டப் பிரிவுக்காரர் பேனாவை எடுத்தார்.

"அந்தக் கடைசி வரி. 'தவறு' என்ற சொல்லுக்கு உங்கள் மொழியில் இன்னும் மென்மையான பொருள் ஏதாவது இருக்கலாம் அல்லவா? 'குறைபாடு', 'தாமதம்' என்பதுபோல?"

எத்தியென் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சியது. ஆமாம் என்றால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

"அந்த இரண்டுக்கும் எங்கள் மொழியில் தனித்தனியாகச் சொற்கள் இருக்கின்றன," என்றேன். "நான் எழுதிய சொல் 'தவறு'."